வேகமான நிரல் இருந்தும் ஓடாத செக்சம்

ஓய்வு நேரத்தில் எழுதிவரும் என் சிறிய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள அடைவு ஒன்றைப் படிக்கும்போது ப்ராசசர் ஏன் இவ்வளவு திணறுகிறது என்று பார்க்க, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரை ஓட்டினேன். பட்டியலின் உச்சியில், தரவு கெட்டுப்போனதா என்று கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எண்ணான (செக்சம்) சிஆர்சி32சியைக் கணக்கிடும் ஃபங்ஷன் உட்கார்ந்திருந்தது. அதுவும் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிடும் பழைய பொது வடிவம். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. ப்ராசசரின் சொந்தக் கட்டளையைப் பயன்படுத்தும் வேகமான வடிவத்தை நானே எழுதிச் சேர்த்து ரொம்பக் காலம் ஆகிறது. கெர்னல் இமேஜைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பத்திரமாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சிஆர்சி பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. தரவை ஒரு நீண்ட பல்லுறுப்புக்கோவையாக எடுத்துக்கொண்டு, நிலையான இன்னொரு கோவையால் வகுத்தால் வரும் மீதிதான் அது. கூட்டல் கழித்தல் இரண்டுக்கும் பதிலாக எக்ஸார் (இரு பிட்களும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் செயல்). ஈதர்நெட்டும் ஜிப்பும் பயன்படுத்தும் வகுக்கும் கோவை ஒன்று. 1993இல் காஸ்டக்னோலியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கோவை இன்னொன்று. பின்னதை வைத்துக் கணக்கிடுவதுதான் சிஆர்சி32சி. வலையமைப்பு வழியே வட்டை அணுகும் ஐஸ்கஸி நெறிமுறை, எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. என் ஃபைல் சிஸ்டமும் ஒவ்வொரு மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய விவரங்கள்) பிளாக்கின் வாலிலும் அதையே எழுதிவைக்கிறது. இன்டெல் 2008இல் நெஹலெம் ப்ராசசர்களோடு கொண்டுவந்த எஸ்எஸ்இ4.2 தொகுப்பில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஆனால் காஸ்டக்னோலி கோவைக்கு மட்டும்தான், ஈதர்நெட் கோவைக்கு அது உதவாது. ஆர்ம்64இல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. 8.0 பதிப்பில் அவை இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், 8.1 முதல் கட்டாயம்.

சரி, இருக்கிற கட்டளை ஏன் ஓடவில்லை?

என் மூலநிரலில் இந்த ஒரு கணக்குக்கு நான்கு இடங்களில் கோப்புகள் இருந்தன. பொது நூலக அடைவில் அட்டவணை வடிவம். எக்ஸ்86 அடைவுக்குள் கிரிப்டோ (குறியாக்கம்) என்ற உள்ளடைவில் அசெம்பிளியும், அதை ஒட்டவைக்கும் சி கோப்பும். தனி கிரிப்டோ அடைவில் ஒரு பதிவேடு: எந்த அல்காரிதமும் தன் பெயரையும் முன்னுரிமை எண்ணையும் அங்கே பதிந்துகொள்ளும், கேட்பவர் பெயரைச் சொன்னால் அந்த நேரத்தில் முன்னுரிமை அதிகமுள்ளது கிடைக்கும். நான்காவதாக, மறுபடி பொது நூலகத்திலேயே ஒரு மேலுறை. அது பூட் ஆகும்போது பதிவேட்டிடம் ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லிக் கேட்டு, கிடைத்த பாயிண்டரை, அதாவது ஃபங்ஷன் இருக்கும் முகவரியை, பத்திரப்படுத்திக்கொள்ளும். அதன் பிறகு எல்லா அழைப்பும் அந்தப் பாயிண்டர் வழியாகத்தான்.

கோளாறு இந்த 'ஒரே ஒரு முறை'யில்தான். பல மாதங்களுக்கு முன்பு, ரூட் ஃபைல் சிஸ்டத்தைச் சீக்கிரமே மவுண்ட் செய்ய (பயன்பாட்டுக்கு இணைக்க) வேண்டும் என்று மேலுறையின் தொடக்க வேலையை பூட் வரிசையில் முன்னே தள்ளியிருந்தேன். எக்ஸ்86 வடிவம் அதற்குப் பிந்திய கட்டத்தில்தான் பதிவாகிறது. மேலுறை போய்க் கேட்ட நேரத்தில் கடையில் அட்டவணை வடிவம் மட்டும்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வேகமானவர் வந்து, அதிக முன்னுரிமையோடு பதிந்துகொண்டு, அழைப்புக்காகக் காத்திருந்தார். மறுபடி யாரும் கேட்கவில்லை. விடை சரியாகவே வந்துகொண்டிருந்ததால் எந்தச் சோதனையும் தோற்கவில்லை.

ஐந்து நிமிடத் தீர்வு உடனே தெரிந்தது: பதியும் கட்ட எண்ணை மாற்றினால் போதும். மாற்றிப் பார்த்தேன், வேகமும் வந்தது. ஆனால் மறுநாள் அந்த மாற்றத்தைத் தூக்கிவிட்டேன். அடுத்த முறை பூட் வரிசையைத் தொடும்போது இதே கதை மறுபடி சத்தமில்லாமல் நடக்கும். அதைவிட முக்கியமாக, அந்தப் பதிவேடு இங்கே எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வட்டைக் குறியாக்கம் செய்ய எந்தச் சைஃபர் என்பது பயனர் தேர்ந்தெடுக்க வேண்டியது. அங்கே பெயர் சொல்லிக் கேட்பதற்குப் பொருள் உண்டு. சிஆர்சி32சி ரகசியக் கணக்கு இல்லை. வட்டில் எழுதிய வடிவம் அதுதான் என்று முன்பே முடிவாகிவிட்டது. உள்ளீட்டுக்கு ஒரே விடை. எந்தக் கட்டளையால் கணக்கிடுவது என்பதை ஃபைல் சிஸ்டம் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறது?

இந்த அமைப்பை நான் சொந்தமாக யோசித்துச் செய்யவில்லை. லினக்ஸ் கெர்னலைப் பார்த்துக் காப்பியடித்தது. அங்கேயும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. சிஆர்சி32சி நூலகமே உள்ளே கிரிப்டோ பதிவேட்டைக் கேட்டுத்தான் ஓடியது. வட்டு இடைமுகமான ஸ்கஸியின் 16 பிட் சிஆர்சிக்கு, வேகமான மாட்யூல் தாமதமாக வந்தால் பாயிண்டரை மாற்றிக்கொள்வதற்கென்றே ஒரு அறிவிப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். நான் மாட்டிக்கொண்ட அதே குழி, மேலே ஒரு பலகை. போதாததற்கு 2018இல் ப்ராசசர்களின் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு, பாயிண்டர் வழி அழைப்புகளைப் பாதுகாப்பாக்கச் சேர்த்த ஏற்பாடுகள் அவற்றை மேலும் மெதுவாக்கின. 256 பைட்டுக்குச் செக்சம் போடும்போது, கணக்கைவிடக் கூப்பிடும் செலவு உறுத்த ஆரம்பித்துவிடுகிறது. கடைசியில் லினக்ஸ் நிரலாளர் எரிக் பிக்கர்ஸ் செய்த மாற்றங்கள் 2025 மார்ச்சில் வந்த 6.14 பதிப்பில் இதைத் தலைகீழாகத் திருப்பின. இப்போது நூலக ஃபங்ஷனே ப்ராசசருக்கேற்ற நிரலை நேரடியாகக் கூப்பிடுகிறது. கிரிப்டோ பக்கம் வேண்டுமென்றால் அது வந்து நூலகத்தைக் கூப்பிடட்டும். 6.17இல் எல்லாவற்றையும் நூலகத்தின் கீழ் ஒரே சிஆர்சி அடைவுக்குள் கொண்டுவந்து, ப்ராசசர் வாரியாக உள்ளடைவு போட்டுவிட்டார்கள். காப்பியடித்தவன் திருத்தத்தையும் காப்பியடிப்பதுதானே நியாயம். நேராக இந்தக் கடைசி வடிவத்துக்கே போவது என்று முடிவு செய்தேன்.

புதிய அமைப்பு இப்படி. சிஆர்சி என்று ஒரே அடைவு. அதில் பொது வடிவம் ஒரு சி கோப்பு. உள்ளே எக்ஸ்86, ஆர்ம்64 என்று இரண்டு உள்ளடைவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹெடர் கோப்பு. பொதுக் கோப்பு எந்த ப்ராசசருக்காகக் கம்பைல் ஆகிறதோ அந்த ஹெடரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எதுவும் இல்லாத ப்ராசசர் என்றால் அட்டவணை வடிவத்தையே அந்தப் பெயரில் வைத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே கோப்பாகக் கம்பைல் ஆவதால் இடையில் பாயிண்டர் கிடையாது, கம்பைலர் விரும்பினால் அழைப்பே இல்லாமல் நிரலை அந்த இடத்திலேயே சேர்த்து இன்லைனும் செய்துகொள்ளலாம். வெளியே தெரிவது ஒரே ஃபங்ஷன்: தொடக்க மதிப்பு, தரவின் முகவரி, நீளம் மூன்றையும் வாங்கி 32 பிட் எண்ணைத் திருப்பித் தரும். தோல்வி என்ற பேச்சே இல்லை.

ப்ராசசரில் கட்டளை இருக்கிறதா என்பதை எங்கே சோதிப்பது? லினக்ஸில் பூட் ஆகும்போது நிரலையே திருத்திவிடும் ஸ்டாட்டிக் கீ வசதி இருக்கிறது. என்னிடம் அது இல்லை. எழுதலாமா என்று ஒரு மாலை முழுக்க ஆசைப்பட்டுவிட்டு, சாதாரண பூலியன் (ஆம், இல்லை என்ற மதிப்பு) ஒன்றை வைத்தேன். பூட் முடிந்ததும் அது இருக்கும் பக்கம் படிக்க மட்டும் என்று பூட்டப்படும். ஒவ்வொரு அழைப்பிலும் அதைப் பார்க்கிறோம். மதிப்பு மாறுவதே இல்லை என்பதால் ப்ராசசரின் கிளைக் கணிப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. இதில் எனக்குப் பிடித்தது வரிசைச் சிக்கல் தானாக அவிழ்ந்ததுதான். பூலியன் அமையும் முன் யாராவது கூப்பிட்டால் அட்டவணை வழியே சரியான விடை கிடைக்கும். அமைந்த பிறகு அதே ஆள் மறுபடி கூப்பிட்டால் வேகமான வழி. எதையும் வாங்கிப் பத்திரப்படுத்தாததால், பழையது கையில் ஒட்டிக்கொள்ளும் பேச்சே எழாது.

இதுவரை இடமாற்றம் மட்டும்தான். இங்கேயே கமிட் போட்டுவிட்டு நின்றிருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை. நிரலைத் திறந்துவைத்தாயிற்று, நீண்ட தரவுக்கு மூன்று சரங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையையும் கையோடு சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. அது தனிக் கமிட்டாகப் போனது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனம்.

மூன்று சரம் எதற்கு என்றால்: பல இன்டெல் ப்ராசசர்களில் அந்தச் சிஆர்சி கட்டளை விடை தர 3 சுழற்சிகள் எடுக்கும், ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் புதிதாக ஒன்றைத் தொடங்க முடியும். ஒரே சங்கிலியாகப் போனால் அடுத்த 8 பைட்டுக்கு முந்தைய விடை வேண்டும், ஆகவே 3 சுழற்சிக்கு 8 பைட்தான். தரவை மூன்று துண்டாக்கி மாற்றி மாற்றிக் கொடுத்தால் காலி நேரம் நிரம்பி, சுழற்சிக்கு 8 பைட் வரை போகலாம். 3 கிகாஹெர்ட்ஸில் அது நொடிக்கு 8 கிகாபைட்டுக்கும் 24 கிகாபைட்டுக்கும் உள்ள வித்தியாசம், காகிதத்திலாவது.

விலை, கடைசியில் மூன்று விடைகளைச் சேர்ப்பது. முதல் துண்டின் சிஆர்சி, அதன் பின்னால் இத்தனை பைட் வந்திருக்கிறது என்று தெரிந்து நகர வேண்டும். அதாவது அந்தக் கோவையை அதன் மாறியான எக்ஸின் பெரிய அடுக்கு ஒன்றால் பெருக்கி, மறுபடி மீதி எடுக்க வேண்டும். இந்தப் பெருக்கலில் கேரி (அடுத்த இடத்துக்குக் கடத்தும் மிச்சம்) கிடையாது. 2010இல் வெஸ்ட்மியரோடு வந்த கேரி இல்லாப் பெருக்கல் கட்டளை இதை ஒரே அடியில் செய்யும். மீதி எடுக்க மறுபடி அதே சிஆர்சி கட்டளை.

நகர்த்தும் மாறிலியை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும். பின்னால் வரும் பைட்டுகளின் எண்ணிக்கையை 'என்' (N) என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர வேண்டியது 8என் பிட். சிஆர்சி கட்டளை தன் பங்குக்கு 32 பிட் நகர்த்திவிடும், எனவே எக்ஸின் 8என்−32ஆவது அடுக்கை வகுத்த மீதிதான் மாறிலி என்று போட்டேன். தவறு. சிஆர்சி32சியில் பிட்கள் தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 32 பிட்டை 32 பிட்டால் கேரி இல்லாமல் பெருக்கினால் வருவது 63 பிட்தான். அதை 64 பிட் ரெஜிஸ்டரில் (ப்ராசசருக்குள் இருக்கும் சேமிப்பிடம்) தலைகீழாகப் படித்தால் ஒரு பிட் நகர்ந்து, கேட்காமலே எக்ஸால் இன்னொரு முறை பெருக்கினதாக ஆகிவிடும். சரியான அடுக்கு 8என்−33. அந்த ஒன்றுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

ஏன் ஒரு நாள் பிடித்தது என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமான கதை. என்னிடம் இருந்த ஒரே சோதனை எல்லாரும் போடுவதுதான்: 123456789 என்ற எழுத்துச் சரத்துக்கு சிஆர்சி32சி, தசமத்தில் 3808858755 வர வேண்டும். வந்தது. ஈதர்நெட் வகைக்கு 3421780262 வர வேண்டும். அதுவும் வந்தது. இரண்டும் பச்சை விளக்கு. ஆனால் மூன்று சர வழி 512 பைட்டிலிருந்துதான் தொடங்குகிறது. சோதனைச் சரமோ 9 பைட். புதிதாக எழுதிய ஒரு வரியைக்கூட அது தொடவில்லை. 4096 பைட் பிளாக்குகளோடு ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆக மறுத்தபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது வட்டு டிரைவரை. பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

அதன் பிறகு சோதனையை ஒழுங்காக எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு பிட்டாக நகர்த்திக் கணக்கிடும் மிக மெதுவான வடிவம் ஒன்று சோதனைக் கோப்புக்குள்ளேயே. ஏழெட்டு வரிதான், கண்ணால் பார்த்தே சரி என்று சொல்லிவிடலாம். அட்டவணை வடிவத்தோடு ஒப்பிடவில்லை, ஏனென்றால் அதே பெயரில் இப்போது எது ஓடுகிறது என்று எனக்கே நிச்சயமில்லாத காலத்தைப் பார்த்தாயிற்று. நீளம், தொடங்கும் முகவரி, தொடக்க மதிப்பு மூன்றும் குருட்டாம்போக்கில். தரவு முடியும் இடத்தை ஒட்டி மேப் செய்யாத ஒரு பக்கம், ஒரு பைட் தாண்டிப் படித்தாலும் உடனே விழும்படி.

விழுந்தது. அதுவும் புதிய நிரலில் இல்லை, நான் நம்பிக்கொண்டிருந்த பழைய நிரலில். முகவரியை 8இன் மடங்குக்குக் கொண்டுவர, முதலில் சில பைட்டுகளைத் தனித்தனியாகச் சாப்பிடும் லூப் ஒன்று அதில் இருந்தது. மொத்த நீளமே அதற்குப் போதுமா என்று அது பார்க்கவில்லை. 3 பைட் கொடுத்து 7 பைட் சாப்பிடச் சொன்னால் நீளம் பூஜ்யத்துக்குக் கீழே போய், குறியில்லா எண் என்பதால் பிரம்மாண்டமாகி, ஊர்சுற்றக் கிளம்பிவிடும். அதுவரை அழைத்தவர்கள் எல்லாரும் மடங்கில் அமைந்த முகவரியையே கொடுத்துவந்ததால் பிழைத்திருந்தது. நீளச் சோதனையைச் சேர்க்காமல் லூப்பையே நீக்கிவிட்டேன். எக்ஸ்86இல் மடங்கில் இல்லாத முகவரியிலிருந்து 8 பைட் படிப்பது அநேகமாகச் செலவில்லாத வேலை.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். சிஆர்சி கட்டளை சாதாரண ரெஜிஸ்டர்களில் வேலை செய்கிறது, எங்கே வேண்டுமானாலும் கூப்பிடலாம். கேரி இல்லாப் பெருக்கலுக்கு வெக்டர் ரெஜிஸ்டர்கள் வேண்டும். கெர்னலுக்குள் அவை நம் சொத்து இல்லை. பயனர் நிரல் பாதிக் கணக்கில் விட்டுவிட்டுப் போன எண்கள் உள்ளே இருக்கும். தொடும் முன் அவற்றைச் சேமிக்க வேண்டும், முடியும்வரை வேறு வேலைக்கு மாறாமல் தடுக்க வேண்டும். இன்டரப்ட் (வன்பொருளின் அவசர அழைப்பு) நடுவில் வந்து கூப்பிட்டால் சில சமயம் அதுவும் முடியாது. எனவே நீண்ட வழியின் வாசலில் இரண்டு கேள்விகள்: நீளம் 512 அல்லது அதற்கு மேலா, வெக்டர் ரெஜிஸ்டரை இப்போது தொடலாமா. ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஒற்றைச் சங்கிலி வழி. 512 என்பது லினக்ஸின் எக்ஸ்86 நிரலில் இருக்கும் எல்லை. என் கணினியில் அளந்தபோதும் அதன் அக்கம்பக்கத்திலேயே வந்ததால் மாற்றவில்லை. டைமர் இன்டரப்டுக்குள்ளிருந்தும் அதே சோதனையைக் கூப்பிட்டு, விடை மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

கடைசி வேலை, அழைப்பவர்களைத் திருத்துவது. பதினோரு இடங்கள். ஒவ்வொன்றிலும் பதிவேட்டுப் பொருளைக் கேட்டு வாங்குவது, கிடைக்காவிட்டால் மவுண்டைத் தோற்கடிப்பது, முடிந்ததும் விடுவிப்பது என்று ஒரே சடங்கு. நினைவகம் இல்லை என்பதால் செக்சம் போட முடியவில்லை என்று பிழைச்செய்தி ஒன்றை நானே எழுதிவைத்திருந்தேன். நான்கு பைட் எண்ணுக்கு! எல்லாவற்றையும் அழித்தது நல்ல மனநிம்மதி.

இதில் ஒரு கண்ணி இருந்தது. சிஆர்சி32சியில் தொடக்கத்தில் எல்லா பிட்டையும் 1 ஆக்குவதும், முடிவில் எல்லாவற்றையும் புரட்டுவதும் வழக்கம். பழைய பதிவேட்டு வடிவம் முடிவுப் புரட்டலைத் தானே செய்துவிடும். புதிய நூலக ஃபங்ஷன் எதையும் புரட்டாது, அழைப்பவர் பொறுப்பு. லினக்ஸிலும் இதே வேறுபாடு உண்டு. அங்கே இன்னும் வேடிக்கை, கிரிப்டோ பக்கத்தின் சிஆர்சி32சி புரட்டும், பக்கத்திலேயே இருக்கும் சிஆர்சி32 புரட்டாது. என் பதினோரு இடங்களில் பத்தைச் சரியாக மாற்றினேன். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலின் தலைப்பகுதியை விட்டுவிட்டேன். பிளாக்குகள் எல்லாம் சரி, ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் ஜர்னல் காலி என்று நினைத்து மீட்பைத் தவிர்த்தது. செக்சம் பொருந்தாத பதிவைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவதுதான் ஜர்னலின் சரியான நடத்தை என்பதால் பிழைச்செய்தியும் வரவில்லை. வேண்டுமென்றே மின்சாரத்தைப் பிடுங்கிச் சோதித்தபோதுதான் அகப்பட்டது. நல்லவேளை, அது சோதனை வட்டு.

ஆர்ம்64 பக்கம் வேலை அரை மணி நேரம். அங்கே இரண்டு கோவைக்கும் கட்டளை இருப்பதால் ஹெடர் சின்னது. பெருக்கல் வழியை அங்கே இன்னும் எழுதவில்லை. எழுதினால் தனிக் கமிட்டாக, சோதனையை முதலில் ஓட்டிவிட்டு. எக்ஸ்86இல் ஈதர்நெட் கோவை மட்டும் இன்னும் அட்டவணையில்தான் ஓடுகிறது. அதைக் கூப்பிடுவது பூட் நேரத்தில் கெர்னல் இமேஜைச் சரிபார்க்கும் ஓர் இடம் மட்டும்தான். ஒரு முறை ஓடும் வேலைக்கு மாறிலிகளோடு மறுபடி மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

புரொஃபைலரை மறுபடி ஓட்டினேன். சிஆர்சி பட்டியலின் அடியில் எங்கோ இருக்கிறது. உச்சிக்கு இப்போது அடைவுக்குள் பெயர்களை ஒப்பிடும் லூப் வந்திருக்கிறது. அதற்கும் ஒரு வேகமான வடிவம் எழுதிவைத்த நினைவு. முதலில் அது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.